பிரகதாம்பாளின் கட்டைவிரல்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு பேர் இருந்தோம். முருங்கை மரத்தடியில், மட்டி ஊறிய குண்டானுக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள் அக்கா. அவளுக்கு இடப்பக்கம், தென்னங்கட்டையின் மேல் வைரக்கண்ணு மாமா. வேலியோரம், பஸ்ஸில் ஊர் ஊராக உப்பு கொண்டுபோய் விற்கும் ஹபீபுன்னிசா அக்கா, தன் மூட்டையில் சாய்ந்தபடி. மடியில் பலகையும் காகிதமுமாக, தெருவைப் பார்த்து நான்.

சங்கத்து வக்கீல் அப்படித்தான் கேட்டிருந்தார். புதன்கிழமை கழிமுகத்தில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு யார் எத்தனை அடி தள்ளி, எல்லாம் எழுதிக் கைநாட்டு வாங்கி அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை என் புருஷன் செல்லதுரையைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். புதன் காலை பத்து மணிக்குப் பண்ணையின் வைக்கோல் போர் எரிந்தது. முள்வேலியைத் தாண்டிப் போய் அவர்தான் கொளுத்தினார், கையில் இருக்கும் வெட்டே சாட்சி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வெட்டு மட்டி போட்டது. கூலி உயர்வு கேட்டு மூன்று வாரமாக யாரும் அறுப்புக்குப் போகவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டது. உலையில் போட எதுவுமில்லாததால் கடல் வற்றும் நேரம் பார்த்து மணல் திட்டுக்கு நடந்தோம். அங்கே கிடைப்பது விரல் நீளத்துக்கு, மூங்கில் துண்டு போலிருக்கும் மட்டி. மணலில் சாவித் துவாரம் மாதிரி ஒரு குழி தெரியும். ஒருவர் அதில் உப்புப் போட வேண்டும். உப்புக் கரித்து மட்டி மேலே எழும்பும்போது இன்னொருவர் பிடித்து, அவசரப்படாமல் நேராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஓடு கையைக் கிழித்துவிடும். புதன் காலை அந்தப் பத்து மணிக்குச் செல்லதுரைக்கு உப்புப் போட்டது பிரகதாம்பாள் அக்கா. மாமாவும் நானும் தள்ளி நின்றிருந்தோம். அவர் கை கிழிந்ததை நேரில் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நேற்றுத் தோண்டிய மட்டி இரவெல்லாம் கடல் தண்ணீரில் கிடந்து மணலைக் கக்கியிருந்தது. அக்கா ஓட்டைக் கீறித் திறந்து, கறுப்புப் பையைக் கிள்ளி எறிந்து, சதையை அலசி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுதி முடித்ததும் பேனா மையில் நனைத்த துணியை நீட்டினேன். அக்காவும் மாமாவும் கைநாட்டு வைத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மை காய்வதற்குள் சைக்கிள் மணி கேட்டது. பண்ணைக் காரியஸ்தர் குஞ்சிதபாதம்.

காகிதத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் முறத்துக்கு அடியில் தள்ளினேன்.

அவர் படலைத் தள்ளிக்கொண்டு நேராகக் கொல்லைக்கே வந்தார். குடைக் கம்பியால் ஓட்டுக் குவியலைக் கிளறினார்.

"இதத் தின்னுட்டுத்தான் சங்கம் நடத்துறீங்களா?"

"உங்களுக்கும் ஒரு குண்டான் குடுத்து விடட்டுங்களா?" என்றார் மாமா.

அவர் மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அம்சவல்லி, செல்லதுரைகிட்ட வெட்டு ஏதுடான்னு ஸ்டேஷன்ல கேட்டாங்களாம். மட்டின்னானாம். ஒரே சிரிப்பாம்."

குடை முறத்தின் விளிம்பில் வந்து நின்றது. மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தேன்.

"பிரகதாம்பா, உன் மக பிரசவத்துக்கு வந்திருக்காளாமே. எத்தனாவது மாசம்?"

"எட்டுங்க."

"கூரை ஒழுகாம இருக்கா? மனை பண்ணையோட மனை. ஆட்சி மாறினா அது உங்களுக்கே ஆயிடும்னு எவனாவது சொல்லியிருப்பான். ஆள் வந்து பிரிச்சா அரை மணி நேரம்."

வந்தது போலவே போனார். ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை. மதகுக் கட்டையில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

முறத்தைத் தூக்கினேன். எழுத்து தப்பியிருந்தது. ஒரு கைநாட்டு மட்டும் நீலக் குளமாகக் கலைந்திருந்தது. அது அக்காவினுடையது.

அவள் அடுத்த மட்டியை எடுத்துக் கீறினாள். சதையும் சேர்ந்து அறுந்தது.

"நம்ம ரெண்டு பேர் போதாதா?" என்றார் மாமா மெல்ல.

"போதாது மாமா. நாம பார்க்கலையே."

"என் பேர விட்டுட்டு எழுத முடியாதா, வல்லி?" என்றாள் அக்கா.

"முடியாதுக்கா."

கெஞ்ச வேண்டும் போலிருந்தது. அவள் மகள் பக்கத்து வீட்டில் இருமுவது கேட்டது. புதுக் காகிதத்தில் முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினேன்.

"என்னைப் பத்தி எழுதின எடத்தப் படி."

"செல்லதுரைக்கு எட்டடி தள்ளி பிரகதாம்பாள்..."

"எட்டடியா? எட்டடியிலேருந்து உப்ப வீசுவாங்களா?" அவள் கையை முந்தானையில் துடைத்தாள். "கைக்கெட்டுற தூரம்னு எழுது. ரத்தம் என் சேலையிலதான் பட்டுச்சு. அதையும் எழுது."

எழுதினேன். அவள் துணியில் விரலை ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினாள். கட்டைவிரலின் குறுக்கே நேற்றைய மட்டி கிழித்த கீறல் வெள்ளைக் கோடாக விழுந்தது. மாமா தன் விரலையும் மறுபடி வைத்தார்.

"அக்கா," என்றாள் பிரகதாம்பாள், ஹபீபுன்னிசாவிடம். "ரெண்டரை பஸ்ல நீங்க போறப்ப என் மகளையும் கூட்டிக்கிட்டுப் போறீங்களா? ஒரு வாரம். அங்க உங்க வீட்டுல ஒரு மூலை போதும்."

"மூலை என்னத்துக்கு? கட்டிலே கெடக்கு. கெளம்பச் சொல்லு."

உறையை ஒட்டச் சோறு தேடினேன். எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு பருக்கை இல்லை. கேப்பைக் கூழைத் தடவி ஒட்டினேன். வக்கீலிடம் கொண்டுபோய்ச் சேர்க்க, ஹபீபுன்னிசா அக்கா மூட்டையை அவிழ்த்து, உப்புக்கு நடுவே ஒரு டப்பாவில் உறையை வைத்து மூடி, மேலே உப்பை நிரவினாள்.

மதகைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தம். மூட்டையோடு அவளும், வயிற்றைப் பிடித்தபடி அந்தப் பெண்ணும் நடந்தார்கள். குஞ்சிதபாதம் எழுந்து நின்றார். குடையால் மூட்டையைத் தட்டி ஏதோ கேட்டார். ஹபீபுன்னிசா அக்கா ஒரு பிடி உப்பை அள்ளி அவர் முன்னால் நீட்டினாள். அவர் கையை உதறிக்கொண்டு ஒதுங்கினார்.

பஸ் வந்து நின்றது. மூட்டை ஏறியது, பிறகு பெண், கடைசியாக ஹபீபுன்னிசா அக்கா. பஸ் நகர்ந்ததும் அவர் சைக்கிளை எங்கள் தெருப் பக்கமாகத் திருப்பினார்.