பார்க்கில் நின்ற வண்டி

ரெமிஜியஸ் பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியை மறுபடியும் திருப்பினார். சத்தமே இல்லை. கியர் ‘பி’யில் இருந்தது. மீட்டரிலோ ‘ஆர்’ எரிந்தது. நேற்றுக் காலையிலும் இப்படித்தான். அப்போது பின்சீட்டில் தம்பி மரியஅந்தோணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தான். இருபது நிமிடம் கழித்துத்தான் ஒரு லோடு ஆட்டோ கிடைத்தது. திருவாரூர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது தம்பி வீட்டுக்குள் பெட்டியில் கிடந்தான். செபமாலை நடந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்குக் கோயிலுக்கு எடுக்க வேண்டும்.

“தம்பி உள்ள கெடக்குறாரு, வாத்தியாருக்குக் காரு கேக்குது பாரு” என்றாள் பந்தலில் இருந்த ஒருத்தி. நன்னிலத்தில் இருபது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர் அவர். திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி வாசல் வரை போனார். உள்ளே போகாமல் காருக்கே திரும்பி வந்தார்.

கார், தம்பி மகன் லியோ மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்தது. பழைய வண்டி. விடியற்காலை திருச்சியில் இறங்கி வந்த லியோ, “அப்பா கியர் மாத்திக் கஷ்டப்பட வேணாம்னு ஆட்டோமேட்டிக்கா பாத்து வாங்கினேன் பெரியப்பா. என் வண்டியே அவரைக் கொன்னுடுச்சு” என்று அழுதான்.

“ஆமாம்ப்பா, வண்டிதான் காரணம்” என்று சொல்லிவிட்டார் ரெமிஜியஸ். அதிலிருந்து அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மெக்கானிக் மூஸா மாலையோடு வந்தார். அவரை உள்ளே போகவிடாமல் ரெமிஜியஸ் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

“இதுல என்ன கோளாறுன்னு பாரு.”

“இப்பவா சார்?”

“இப்பத்தான்.”

மூஸா மாலையைக் கார் மேல் வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தார். சாவியைப் போட்டு, பிரேக்கை மிதித்து, கியரை ‘என்’னுக்கு இழுத்துத் திருப்பினார். எஞ்சின் உறுமியது.

“அவ்வளவுதான் சார். கியர் எதுல இருக்குன்னு மீட்டருக்குச் சொல்ற சுவிட்ச்ல தண்ணி பூந்துருக்கு. பார்க்ல போட்டாலும் ரிவர்ஸ்னு காட்டும், ஸ்டார்ட் ஆவாது. நியூட்ரல்ல போட்டா எடுத்துக்கும். புது சுவிட்ச் மெட்ராஸ்லேருந்து வரணும், அதுவரைக்கும் இப்படி எடுங்கண்ணேன்னு உங்க தம்பிக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒரு மாசமா அப்படித்தானே எடுத்துக்கிட்டு இருந்தாரு. நேத்து உங்ககிட்ட சொல்லலையா?”

ரெமிஜியஸ் திரும்பினார். எஞ்சின் சத்தம் கேட்டு வெளியே வந்த லியோ அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

“பெரியப்பா, அப்பா எதாவது சொன்னாரா?”

தம்பி மனைவி விண்ணரசி நேற்று அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுக்க உள்ளே போயிருந்தாள். காரில் இருந்தது அவர்கள் இருவர் மட்டும்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரில் அவர் பேச்சை யாரும் மறுத்ததில்லை. பழைய வண்டியை வாங்கிக் கொடுத்து அப்பனைக் கொன்றோம் என்று நினைத்துக்கொண்டே இவன் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போவான்.

“சொன்னான்” என்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “‘நியூட்ரல்ல போடுண்ணே’ன்னான். ரெண்டு தடவை.”

“நீங்க?”

“நான் கார் வாங்கினப்ப நீ லாரி கிளீனர்டா, எனக்கே சொல்லித் தரியா, பேசாம சாயுன்னேன்.”

மூஸா தலையைக் குனிந்துகொண்டு மாலையை எடுத்தார். லியோ வீட்டுக்குள் திரும்பினான். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

பெட்டியைத் தூக்க ஆட்கள் கூடினார்கள்.

“நீங்க வேணாம் சார், நாங்க பாத்துக்கறோம்.”

“தள்ளு” என்றார் ரெமிஜியஸ். தலைமாட்டில் இடப்பக்கம் தோள் கொடுத்தார். வலப்பக்கம் லியோ வந்து நின்றான். அவன் நல்ல உயரம். தூக்கியதும் பெட்டி பெரியவர் பக்கம் சரிந்து, எடை முழுவதும் அவர் கழுத்தோரம் இறங்கியது. லியோ நேரே பார்த்துக்கொண்டு நடந்தான். தெரு முழுவதும் அப்படியே போனது.

வாய்க்கால் பாலம் ஏறும்போது பெரியவரின் கால் தடுமாறியது. லியோ அவரைப் பார்க்கவில்லை. முழங்காலை மடித்துத் தோளை இறக்கினான். பெட்டி நேரானது. பாலம் தாண்டிய பிறகும் அவன் நிமிராமலே நடந்தான்.