காற்றெடுக்க இரண்டு பேர்

தைத்த கோட்டை முகர்ந்து பார்த்த வாடிக்கையாளர் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா, தச்சீங்களா, பெட்ரோல்ல ஊறப் போட்டீங்களா?"

தையல்காரிக்குக் கூசிப்போனது. காரில் கொண்டுவந்த துணி அது.

அவள் கணவர் கப்பலில் இன்ஜினியர். போன விடுமுறையில் இந்தப் பழைய காருக்கு எரிபொருள் அழுத்தம் காட்டும் கேஜை டேஷ்போர்டில் பொருத்தியிருந்தார். பெட்ரோல் குழாயையே நேராக உள்ளே இழுத்துவிட்டதால் கார் முழுக்க நெடி. ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பா பார்சலில் வருவதற்குள் அவர் கப்பலேறிவிட்டார். "நான் வந்து மாட்டிக்கிறேன், நீ தொடாதே" என்றார். இந்த மாதம் வரவேண்டியவர். ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள்.

ஞாயிறு காலை வாசலில் நின்ற காரின் பானெட்டை அவளே திறந்தாள். பேட்டரியைக் கழற்றி, குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலை வடித்தாள். ஐசொலேட்டரை இன்ஜின் பக்கத்துத் தகட்டில் முடுக்கினாள். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் பெட்ரோல் நின்றுவிடும். மறுபக்கத்திலிருந்து கேஜ் வரை புதுக் குழாயில், ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். உள்ளே போவது அழுத்தம் மட்டும்.

வினை வந்தது புதுக் குழாயிலிருந்து காற்றெடுப்பதில்தான்; காற்று மிச்சமிருந்தால் முள் ஆடும். முன்னால் ஒருவர் கூலன்டை அழுத்த, உள்ளே ஒருவர் கேஜின் நட்டைத் தளர்த்திக் குமிழிகளை வெளியே விடவேண்டும். அவள் தனியாகத் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியால் கூலன்டை ஊற்றிவிட்டு உள்ளே ஓடுவாள். அதற்குள் மட்டம் இறங்கிக் காற்று திரும்பப் புகுந்துவிடும். யாரைக் கூப்பிடுவது? தெருவில் எல்லாருடைய இடுப்பளவும் அவளுக்கு அத்துப்படி. வந்து ஒரு நட்டைப் பிடியுங்கள் என்று கேட்குமளவுக்கு ஒருவரும் பழக்கமில்லை.

படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு எழுந்துபோய்ப் புனலும் மெல்லிய குழாயும் எலாஸ்டிக்கும் எடுத்துவந்தாள். புனலை எலாஸ்டிக்கால் கட்டித் திறந்த பானெட்டின் உச்சியில் தொங்கவிட்டு, குழாயின் மறுமுனையை ஐசொலேட்டரின் துளையில் செருகிக் கூலன்டை நிரப்பினாள். உயரமே அழுத்தும் வேலையைப் பார்த்துக்கொண்டது. உள்ளே கேஜுக்கடியில் துண்டுத்துணியை வைத்து நட்டைத் தளர்த்தினாள். நுரை வந்தது, குமிழி வந்தது, கடைசியில் கூலன்ட் மட்டும் சொட்டியது. "வந்துட்டியா ராசா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, யாருமில்லாத தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

நட்டை இறுக்கி, துளையை மூடி, பேட்டரியை மாட்டி இன்ஜினைக் கிளப்பினாள். கசிவில்லை. முள் ஏறி, ஆடாமல் நின்றது. உடனே அவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, மாட்டிட்டேன். முள்ளு அசையவே இல்ல."

"யாரு கூட இருந்தா?"

"யாருமில்ல."

அவர் முதலில் சிரித்தார். எப்படிச் செய்தாள் என்று கேட்டுக் கேட்டு வியந்தார். பிறகு குரல் தணிந்தது. "இனிமே நான் வந்து என்னத்த செய்றது? எல்லாத்தையும் நீயே முடிச்சிட்டியே."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"மழை பெஞ்சா டிக்கி ஒழுகுதுங்க," என்றாள் அவள். "அத நான் தொடல. தொடவும் மாட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டாள், கிடைக்கவில்லை. போகவேண்டிய இடம் எதுவுமில்லை. இருந்தாலும் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, இன்ஜின் ஓட, நெடி போன அந்தக் காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.