பத்து எண்ணும் வரை

சிகிச்சைக்காகக் குதிரைமேல் ஏற்றிய பிள்ளை "போ" என்று சொல்லும்வரை கயிறு பிடிப்பவர் குதிரையை நகர்த்தக் கூடாது. பேச வராத பிள்ளையானாலும் பத்து எண்ணும் வரை பொறுத்தாக வேண்டும். நாற்பது வருஷம் லெசோத்தோ மலைகளில் குதிரையோடு திரிந்து, இப்போது இங்கே கயிறு பிடிக்கும் மொகேத்திக்கு அந்தப் பத்துதான் எந்த ஏற்றத்தையும்விடக் கடினம்.

லிம்போவுக்கு ஒன்பது வயது. இடுப்பு நிற்காது, பேச்சும் இல்லை. எட்டு மாதமாக வியாழன்தோறும் அண்டைவீட்டுக்காரி தூக்கி வந்து மோசி என்ற குதிரையின் முதுகில் ஏற்றுவாள். இருபுறமும் இருவர் லிம்போவின் தொடையைப் பிடித்து நடப்பார்கள். இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. போன வாரம் 'போ' சொல்ல வருவதுபோல அவள் உதடு குவிந்ததைப் பக்கத்தில் நடந்த செபுவெங் பார்த்துவிட்டாள்.

"சத்தியமா குவிஞ்சுது, ந்தாத்தே," என்று மொகேத்தியை அவ்வூர் வழக்கப்படி 'ஐயா' போட்டு அழைத்தாள். "இன்னிக்கு நீங்க மட்டும் வாயை அடக்கிட்டு நில்லுங்க."

"என் வாயா? என் பொண்டாட்டியே முடியாதுன்னு கைகழுவிட்டா!"

இன்றுதான் கடைசி நாள். லிம்போவின் தாய்க்கு எல்லைக்கு அப்பால் வீட்டுவேலை கிடைத்திருந்தது. மகளோடு இப்போதே கிளம்புகிறாள். போர்வையை மார்போடு இறுக்கி, முதல்முறையாக வேலியோரம் நின்றாள். வீணாக ஆசை காட்ட வேண்டாமென்று உதடு குவிந்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"மோசிகிட்ட சொல்லுடி கண்ணு," என்றாள் செபுவெங்.

ஒன்று, இரண்டு, மூன்று. லிம்போவின் விரல்கள் பிடரி மயிரைப் பற்றின. ஐந்து. உதடுகள் குவிந்தன. ஏழு. தொண்டை ஏறி இறங்கியது.

சாலையில் காத்திருந்த வேன்காரன் ஹாரனை அழுத்தினான். மோசி வெடுக்கென்று தலை தூக்கியது. மலைப்பாதையில் மிரளும் குதிரையை எப்படி முன்னே நடத்துவாரோ அப்படியே, தன்னை அறியாமல், மொகேத்தி நாக்கைச் சொடுக்கினார்.

மோசி நடந்தது. குவிந்திருந்த உதடுகள் தளர்ந்தன.

"ஐயோ, ந்தாத்தே!"

குதிரையை நிறுத்தினார். இந்த முறை பத்தல்ல, நாற்பதுவரை எண்ணினார். லிம்போ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன் மறுபடி அலறியது.

மகளை வாங்கிக்கொண்ட தாய், "குதிரை என்னமா நடக்குது, ந்தாத்தே! ரொம்ப நன்றி," என்றாள்.

சொல்லிவிட வாயெடுத்தார் மொகேத்தி. தன் தவறைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்போது பார்த்து வாய் மூடிக்கொண்டது.

இப்போதெல்லாம் வியாழக்கிழமைகளில் கயிற்றோடு நிற்கையில் அந்தச் சொடுக்கைக்கூட அவர் மன்னித்துவிடுகிறார். "பேச வருதும்மா, அங்கேயும் யாராச்சும் பத்து எண்ணிப் பொறுத்துப் பாருங்க" என்று அந்தத் தாயிடம் சொல்லாமல் விட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.