இன்னும் பன்னிரண்டு பாக்கி

5

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் அக்கா விட்ட சவாலில் பிறந்தது. கற்பனை ஊற்றெடுத்ததெல்லாம் இல்லை. நான் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே, அந்தப் பொடி எழுத்துத் தாளுக்குப் பிழை திருத்துகிறவன். மீதி நேரத்தில் எழுத்தாளன். என் மேசை இழுப்பறையில் பதினேழு கதைகள் இருக்கின்றன. பதினேழும் முதல் பத்தியோடு நிற்கின்றன. (பகுதி எண் ஐந்தில் தொடங்குவது அச்சுப்பிழை இல்லை. காரணம் மூன்றில் வரும்.)

அக்காவுக்கும் அதே வியாதி. சலவைக் கடை ஒன்றின் பின்னறையில் துணி திருத்தித் தைக்கிறாள்: கால் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது. தைக்கும்போது காதில் இயர்போன் இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பாடங்களையெல்லாம் தேடிப் பிடித்துச் சேர்ந்துவிடுவாள். எறும்புகள், எலும்புகள், நாணயங்கள், நட்சத்திரங்கள் என்று நாற்பத்தொரு பாடம் ஆயிற்று. ஒன்றிலும் மூன்றாம் உரையைத் தாண்டியதில்லை. எறும்பின் தலை அவளுக்கு அத்துப்படி, வயிற்றுக்கு இன்னும் வரவில்லை.

பேருந்து ஓட்டும் அத்தான் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஆரம்ப சூரத்தனம்.

4

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: “ஊசியின் காதுக்குள் உலகமே நுழைந்துவிடும் என்று நம்பிய அவள், ஒரு மாலைப் பொழுதில்...”

அக்கா படித்துவிட்டு, “யாருடா இவ?” என்று கேட்டாள்.

அந்த வரியை அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். வாடிக்கையாளர் ஒருவரின் பேன்ட்டில் பின் தையல் மூன்றாவது முறையாகப் பிரிந்து வந்தது. இழுவை எந்த இடத்தில் அதிகம் விழும் என்று அக்கா போனில் தேடினாள். பேன்ட்டுக்குப் பதில் பாலம் வந்தது. பாலங்கள் பாரத்தை எப்படித் தாங்குகின்றன என்று பன்னிரண்டு உரைகள், கடைசியில் ஒரு தேர்வு, கட்டணம் கிடையாது.

“இது நாப்பத்தி ரெண்டாவதா?” என்று அத்தான் சாப்பிடும்போது கேட்டார். சும்மாதான் கேட்டார். அக்கா தட்டைத் தள்ளிவைத்தாள்.

“இதுல பாஸ் பண்ணலைன்னா இனிமே படிப்புங்கற பேச்சே எடுக்க மாட்டேன். போன்ல இருக்கற அத்தனையும் அழிச்சிடறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நான் கடைசிவரைக்கும் போயிட்டேன்னா நீ ஒரு கதையாவது எழுதி முடிக்கணும்.”

“சரிக்கா” என்றேன். எப்படியும் போகமாட்டாள் என்ற தைரியம்தான். [இந்த வாக்கியத்தை நீக்கத்தான் நினைத்தேன். உண்மையாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன்.]

3

முதல் வாரமே, பழைய பாலத்தை ஆபத்தில்லாமல் எப்படிப் பிரித்து இறக்குவது என்று எனக்கு விளக்கினாள். அடுத்த வாரம் விரிசல் கண்டுபிடிப்பது. ஏழாவது வாரம் தூண்கள், ஒன்பதாவது வாரம் அஸ்திவாரம். எனக்கு எங்கேயோ இடித்தது. போனை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் கடைசியாக ஏற்றிய உரை மேலே இருந்தது. அக்கா மேலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

“அக்கா, நீ கடைசிலேர்ந்து கேட்டுட்டு வர்ற. பன்னெண்டுன்னு நம்பர் போட்டிருந்துச்சே, கவனிக்கலயா?”

“கவனிச்சேனே. இன்னும் பன்னெண்டு பாக்கின்னு நெனச்சேன். பதினொண்ணு, பத்துன்னு கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. பாக்கவே தெம்பா இருந்துச்சு.”

“தலைகீழா கேட்டா எப்படிக்கா புரியும்?”

“ஏன் புரியாது? பிரிச்சாத்தானே எது எதைத் தாங்குதுன்னு தெரியும். தெனமும் நான் அதைத்தானே செய்யறேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன். இந்தக் கதைக்கு உட்கார்ந்தபோது, எண் குறைந்துகொண்டே வரும் அதே வைத்தியத்தை நானும் செய்துகொண்டேன். மூன்று என்று எழுதும்போதே பாதிக் கிணறு தாண்டிய பயம் போய்விடுகிறது.

2

அவளுடைய கடைசி உரை, பேராசிரியையின் முதல் உரை. அன்றைக்கு நானும் கடையின் பின்னறையில் இருந்தேன். ஒரு இயர்போனை எனக்குக் கொடுத்தாள். பின்னால் வரும் உரைகளில் கையை வீசி நடந்து பேசுகிற பேராசிரியை, இதில் மேசையைப் பிடித்தபடி நின்றார். குரல் நடுங்கியது.

“வணக்கம். உங்களுக்குப் பாலத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கறேன்.”

அக்கா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். “எனக்கா தெரியாது?” என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த துண்டுத் துணியால் துடைத்துக்கொண்டு, போன் திரையைப் பார்த்துச் சொன்னாள்: “பயப்படாதம்மா. போகப் போக நல்லா சொல்லித் தருவ. நான் பாத்துட்டேன்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. [இதை நாசூக்காக எழுத நான்கு முறை முயன்றேன். பெருமை தாங்கவில்லை என்பதே சரி.]

1

தேர்வில் இருபது கேள்விகள். பதினான்கு சரியாக இருக்கவேண்டும். ஒரே வாய்ப்புதான். ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் அப்புறம் வரச்சொல்லி அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து முடிவு வந்தது. அக்கா பார்த்தாள். போனைக் கவிழ்த்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

“எத்தனைக்கா?”

“உன் கதைய முடிச்சுட்டு வா, சொல்றேன்.”

“மார்க் தெரியாம எப்படி முடிக்கறது?”

“அது உன் பாடு.”

அத்தானுக்கும் சொல்லவில்லையாம். அவர் இப்போது என்னைத்தான் அவசரப்படுத்துகிறார். ஆகவே சில முடிவுகள்:

அ) இருபதுக்கு இருபது. நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஆ) பதினான்கு. அத்தான் ஆரம்ப சூரத்தனம் என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறார். இதையும் நம்பமாட்டீர்கள்.

இ) பதின்மூன்று. போனை எடுத்து ஒவ்வொன்றாக அவள்... இதற்கு மேல் கை வரவில்லை.

நேற்று கடைப்பக்கம் போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் இயர்போன் இருந்தது. அது பாட்டாகவும் இருக்கலாம். (அக்கா பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைச் சேர்த்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.)

உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. என் பங்குக்கு ஐந்திலிருந்து ஒன்றுவரை வந்துவிட்டேன். இன்னும் ஒரு வரிதான் பாக்கி. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதும் எனக்குச் சொல்லுங்கள், அக்காவிடம் காட்டி மார்க்கை வாங்கவேண்டும்.