இடது கை ஏன் இளைத்தது?

“மூச்சைப் பிடிக்காம அழுத்தும்மா” என்றார் இயன்முறை மருத்துவர்.

அந்தப் பெண் அழுத்தினாள். கைப்பிடி போன்ற அந்தக் கருவியின் முள் மெல்ல நகர்ந்து இருபத்திரண்டு கிலோவில் நின்றது. அது அடிபட்ட வலது கை. பிறகு நல்ல இடது கையால் அழுத்தினாள். இருபத்துநான்கு. அடிபட்ட கை, நல்ல கையின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் தொட்டுவிட்டால் மைதானத்துக்குத் திரும்பலாம் என்பது அந்த அறையின் விதி. இவள் தொண்ணூற்றிரண்டைத் தொட்டிருந்தாள்.

“அப்ப ஞாயித்துக்கிழமை தேர்வுப் போட்டிக்குப் போலாமா மேடம்? கையெழுத்து போட்டுடுங்களேன்.”

அவளுக்குப் பதினேழு வயது. கால்பந்து அணியின் கோல்கீப்பர். அவள் நின்றால் பந்து உள்ளே போகாது என்பதால் பட்டப்பெயர் பூட்டு. ஒன்பது வாரத்துக்கு முன் ஒரு பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்ததில், மணிக்கட்டில் முந்திரிப் பருப்பு அளவே இருக்கும் ஓர் எலும்பில் விரிசல். ஆள்தான் சின்னது, கூடுவதற்குள் பொறுமையைச் சோதித்துவிடும். ஸ்கேன் படமும் ‘கூடி வருகிறது’ என்று பட்டும் படாமலும் சொல்லியிருந்தது. இந்தத் தேர்வை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்து. அதற்குள் வயது தாண்டிவிடும். பயிற்சியாளர் வேறு மூன்று முறை ஃபோன் செய்துவிட்டார்.

மருத்துவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடுமுன் வழக்கம்போலப் பழைய பக்கங்களைப் புரட்டினார். வலது கை நத்தையாக ஏறியிருந்தது: பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. இடது கையைப் பார்த்தார். முப்பத்திரண்டு, முப்பது, இருபத்தேழு, இருபத்துநான்கு. இத்தனை நாளும் விகிதத்தை மட்டும் கோடாக வரைந்து, அது மேலே மேலே போவதைப் பார்த்துப் பூரித்திருந்தார்.

அடிபட்ட கை தேறுவது சரி. அடிபடாத கை எதற்காக இளைக்கிறது?

புரியாத ஒன்று கண்ணில் பட்டால் அந்த அம்மாளுக்குச் சோறு இறங்காது. விரல் மரத்துப் போகிறதா, கழுத்து வலிக்கிறதா, ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பூட்டு சமர்த்தாக “இல்ல மேடம்”, “ஆமா மேடம்” என்றாள்.

“நாளைக்கு வா. எனக்கு ஒரு சந்தேகம். போகும்போது அந்த ஜன்னலைச் சாத்திட்டுப் போ, தூசி வருது.”

அந்த ஜன்னலின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. தினமும் அதை இறக்க உதவியாளர் சுத்தியல் எடுத்து வருவார். பூட்டுக்கு அது தெரியாது. இடது கையால் ஒரே இழுப்பு. தாழ்ப்பாள் சத்தத்தோடு இறங்கி உட்கார்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் தலையைக் குனிந்தாள்.

“யார் சொல்லிக் குடுத்தா?” என்றார் மருத்துவர். குரலில் கோபத்தைவிட ஆவல்தான் இருந்தது.

“அக்கா.”

“எந்த அக்கா?”

பூட்டு முகவாயைச் சுவர்ப் பக்கம் காட்டினாள். அங்கே ‘விரைவில் திரும்பியவர்கள்’ என்ற பலகை. நட்டநடுவில், வலது கையை ஓங்கி வாலிபாலை அடிக்கும் ஒரு பெண்ணின் படம். கீழே மருத்துவரே பெருமையோடு எழுதி ஒட்டிய சீட்டு: ‘ஏழே வாரம்’.

“எங்க சொந்த அக்காதான் மேடம். நல்ல கை தூங்கிட்டா அடிபட்ட கை தானா ஜெயிச்சிடும்னு ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொன்னா. நான் இடது கையை வேணும்னே மெதுவா அழுத்துறது அவளுக்குத் தெரியாது.”

“அவ இப்ப எந்த டீமுக்கு ஆடுறா?”

“ஆடல. அந்த வருஷமே விட்டுட்டா. இன்ட்ரஸ்ட் போயிடுச்சாம்.”

மருத்துவருக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடமாக அந்தப் படத்தைத் துடைத்து மாட்டியவர், படத்தில் இருந்தவள் என்ன ஆனாள் என்று ஒரு தடவைகூட விசாரித்ததில்லை.

மறுநாள் மாலை தங்கையோடு அக்காவும் வந்தாள். புத்தகக் கடை வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். மருத்துவர் கருவியை நீட்டினார்.

“எனக்கு எதுக்கு மேடம்?”

“எனக்குத் தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்.”

இடது கை முப்பத்தொன்று. வலது கையில் முள் பதினொன்றைத் தாண்டவில்லை. அதற்கே அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீயும் நடிக்கிறியா?” என்றாள் பூட்டு.

“இல்லடி. இப்பத்தான் நடிப்பை நிறுத்தியிருக்கேன்.” அக்கா கருவியை மேசைமேல் வைத்தாள். “திரும்பிப் போன ரெண்டாவது மாசமே அரைகுறையா கூடின எலும்பு மறுபடி விட்டுப் போச்சு. அப்புறம் சேரவே இல்ல. கட்டுப் போட்டப்ப இடது கை பழகிடுச்சுன்னு வீட்ல சொன்னேன், எல்லாரும் நம்பிட்டீங்க. நீ இந்தப் படத்தைப் பத்தி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவ. உங்கிட்ட எப்படிச் சொல்றது?”

பூட்டு சுவரைப் பார்த்தாள். படத்தில் அக்கா அடித்துக்கொண்டிருந்தது வலது கையால். அந்தக் கையால் அக்கா ஒரு குடத்தைத் தூக்கிக்கூடப் பார்த்து ஐந்து வருடமாகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“பாதித் தப்பு என்னோடது” என்றார் மருத்துவர். “எத்தனை வாரத்துல திரும்பினீங்கன்னு எழுதி மாட்டினேன். திரும்பினப்புறம் எத்தனை நாள் விளையாடினீங்கன்னு கேக்கவே இல்ல.” எழுந்து போய் ‘ஏழே வாரம்’ சீட்டைக் கிழித்தார்.

பூட்டு கருவியை எடுத்து இடது கையால் உடும்புப் பிடியாக அழுத்தினாள். முப்பத்துமூன்று. வலது கை அதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

“இதை எழுதிக்கோங்க மேடம்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை போயே போய்விட்டது என்பது புரிந்ததும் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள், இடது கையால்.

அந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்க வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

“ஒரு கையெழுத்துதானே மேடம்? கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும். வலியைத் தாங்குறவதான் வீராங்கனை.”

அக்கா அவர் முன்னால் வந்து வலது கையை நீட்டினாள். “கை குடுங்க சார்.”

அவர் பழக்கதோஷத்தில் அழுத்திக் குலுக்கினார். அவருடைய பிடிக்குள் எதிர்ப்பிடி என்று ஒன்றுமே இல்லை. அவள் முகம் சுளித்ததும் சட்டென்று விட்டுவிட்டார்.

“நானும் தாங்கினவதான் சார். ஏழு வாரத்துல திரும்பி, ரெண்டே மாசம் ஆடினேன். வலியை மறைச்சுக்கிட்டு ஓடுறது வீரம் இல்ல. மறைக்கிறவங்களைத் தட்டிக் குடுக்கிறது பயிற்சியும் இல்ல. முழுசா ஆறினப்புறம் திரும்புறவங்கதான் நிலைச்சு ஆடுவாங்க. பதறாத காரியம் சிதறாது சார்.”

பயிற்சியாளர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். இந்த ஒன்பது வாரமும் ‘எப்போ வருவா’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவர், பூட்டின் பக்கம் திரும்பினார்.

“கை எப்படிம்மா இருக்கு?” என்றார்.