முதலில் எதைக் காப்பாற்றுவது

எங்கள் கரையைக் காப்பாற்ற ஒரு திட்டம் வந்தது. முப்பது வருசத்துக்குத் தாங்கும் திட்டமாம். மக்களைக் கேட்டுக் கேட்டுச் செய்கிற திட்டமாம். கேட்டார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. எப்படிக் கேட்டார்கள், கேட்டு என்ன செய்தார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நினைத்தாலே வயிறு எரிகிறது. கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அம்மாக்கண்ணு. நோட்டன் பிரிட்ஜுக்கு இந்தப் பக்கம், டேம் தண்ணீர் ஓரமாக இருக்கிற தேயிலைத் தோட்டத்தில், கீழ்க்கணக்கு என்கிற பிரிவில் கொழுந்து பறிக்கிறவள். கரண்ட் எடுப்பதற்காக ஆற்றை மறித்துத் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியபோது திறப்பார்கள், வேண்டியபோது மூடுவார்கள். தண்ணீர் ஏறும்போது கரை மண்ணை ஊறவைக்கும். இறங்கும்போது ஊறின மண்ணைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கரண்ட் கொழும்பு வரைக்கும் போகிறது. நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு மட்டும் வரவில்லை. எங்களுக்கு அப்போதும் மண்ணெண்ணெய் விளக்குதான்.

தண்ணீருக்கு மிகக் கிட்ட இருந்தது கீழ் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு காம்பரா, ஆறு குடும்பம். கடைசிக் காம்பரா என்னுடையது. நான் கல்யாணமாகி வந்தபோது பின்கதவைத் திறந்தால் போஞ்சிப் பாத்தி, அதைத் தாண்டி மாட்டுப்பட்டி, அதையும் தாண்டி மணல் கரை. வெயில் மாதத்தில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுவார்கள். முதலில் அந்த மணல் போனது. பிறகு மாட்டுப்பட்டி போனது. போஞ்சிப் பாத்தி ஒரு மழையில் பாதி, அடுத்த மழையில் மீதி என்று போனது. கடைசியில் என் மகன் லெட்சுமணன் கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்து, பின்கதவைப் பலகை வைத்து அடித்து மூடிவிட்டுப் போனான். அந்தக் கதவைத் திறந்து காலை வைத்தால் நேரே தண்ணீர்தான். அவன் பெண்சாதி செல்வமலர் என்னோடுதான் இருந்தாள். திட்டம் வந்தபோது அவளுக்கு வயிற்றில் பிள்ளை.

கூட்டத்தைப் பெரட்டுக்களத்தில் வைத்தார்கள். காலையில் எங்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற அதே இடம். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு அன்றைக்கு முழுப்பேர் போடுவதாகக் கணக்கப்பிள்ளை சொன்னார். மலையேறாமலே ஒரு நாள் சம்பளம் கிடைக்கும் என்றால் யார்தான் வராமல் இருப்பார்கள்? பழக்கதோசத்தில் எல்லோரும் வரிசையாகவே நின்றோம். உட்காரச் சொல்லியும் ஒருவரும் உட்காரவில்லை.

ஜீப்பில் வந்து இறங்கியவர் துரைராசா ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், திட்டத்துக்குப் பெரிய எஞ்சினியர். குற்றம் சொல்வதற்கு முன்னால் நல்லதையும் சொல்லவேண்டும். மனுசர் மரியாதையாகத்தான் பேசினார். சுவரில் ஒரு பெரிய படத்தைத் தொங்கவிட்டார். அதில் எங்கள் கரை, கோயில், கீழ் லயம், வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பரா, ரோட்டு எல்லாம் கலர் கலராக இருந்தது.

"கம்பி வலைக்குள்ள கல்லு நிரப்பி அணை கட்டப் போறம். முழுக்கரைக்கும் ஒரேயடியாச் செய்யேலாது. கட்டம் கட்டமாத்தான் செய்யலாம். முதல் கட்டத்தில ஒரு இடம். எந்த இடம் எண்டு நாங்கள் முடிவெடுக்க மாட்டம். நீங்கள்தான் சொல்லவேணும். முதல்ல எதைக் காப்பாத்துறது? பயப்பிடாமச் சொல்லுங்கோ."

கேட்ட மாத்திரத்தில் தலைவர் ஆண்டியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். யூனியன் தலைவரும் அவர்தான், கோயில் தலைவரும் அவர்தான்.

"கோயில்தாங்க ஐயா. மாரியம்மன் கோயில்."

"கோயில்தான், கோயில்தான்" என்று அத்தனை பேரும் சொன்னார்கள்.

இதைக் கேட்டால் வெளியாட்களுக்குச் சிரிப்பு வரும். வீடு தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்க, கொஞ்சம் உயரத்தில் பாறைமேல் இருக்கிற கோயிலைக் காப்பாற்றச் சொன்ன முட்டாள்கள் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோட்டத்துத் தொரை வந்தாலும் மந்திரி வந்தாலும், "என்ன வேணும்" என்று கேட்டால் முதலில் சாமிக்குத்தான் கேட்போம். கூரைத் தகரம் கேட்கப் போனாலும் கோயில் மணியில்தான் ஆரம்பிப்போம். எடுத்த எடுப்பிலேயே "என் வீடு, என் கூரை" என்பது எங்களுக்கு வெட்கம். சாமிக்குக் கேட்டு முடித்ததும் தொரை "சரி, வேற என்ன?" என்பார். அந்த "வேற என்ன"வில்தான் எங்கள் கூரை, கக்கூஸ், குழாய்த் தண்ணீர் எல்லாம் வரும். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் வாங்கிய அத்தனையும் அப்படிக் கேட்டு வாங்கியதுதான். கீழ் லயத்து ஆட்களும் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஐயா, கீழ் லயத்த முதல்ல பாருங்க. சொவருக்குப் பின்னால மண்ணே இல்லீங்க" என்றேன்.

ஆண்டியப்பன் திரும்பி என்னை முறைத்தார். "செத்த சும்மா இரு அம்மாக்கண்ணு. சாமிக்கு முன்னால ஒன் வீடா? பொறகு நம்மளதும் கேப்பாங்க."

துரைராசா ஐயாவுக்கு நான் சொன்னது கேட்டது. என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "பெரும்பான்மையாக் கோயிலைத்தான் சொல்லுறியள், என்ன? கை உயர்த்துங்கோ பாப்பம்" என்றார். கைகள் உயர்ந்தன. கூட வந்த பெடியன் போட்டோ எடுத்தான். "நல்லது, ஒருமனதா முடிவெடுத்திட்டியள்" என்று படத்தைச் சுருட்டினார். ஜீப் போய்விட்டது. கீழ் லயத்து ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

வேலை மளமளவென்று நடந்தது. கோயிலுக்கு மூன்று பக்கமும் கல்லணை. நல்ல அணைதான், அதில் பொய்யில்லை. திருவிழாவுக்கு வந்த டிக்கோயாச் சொந்தக்காரர்கள் எல்லாம் அதன்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கல்லில் மோதின தண்ணீர் அதற்கப்புறம் எங்கள் பக்கம்தான் திரும்பியது. முன்பு வருசத்துக்கு ஒரு தடவை விழுந்த மண் இப்போது மழைக்கு மழை விழுந்தது.

ஆண்டியப்பனை இழுத்துக்கொண்டு அட்டன் டவுனில் இருக்கிற திட்ட ஆபீசுக்குப் போனேன். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். அதனால் மறு பேச்சில்லாமல் பஸ் ஏறினார். துரைராசா ஐயா கதிரை போட்டு உட்காரச் சொன்னார், தேத்தண்ணி வரவழைத்தார்.

"அம்மா, கூட்டம் வைச்சுத்தானே கேட்டனாங்கள். நீங்கள் எல்லாரும் சேர்ந்து கோயில் எண்டு சொன்னியள்."

"சாமிக்குச் சொன்னோமுங்க. எங்களுக்கு என்னா வேணும்னு நீங்க கேக்கவே இல்லியே."

"ஒரு இடம்தானேயம்மா கேட்டனான்."

"நான் சொன்னேனே ஐயா. ஒங்க காதுல விழுந்துச்சு. என்னயப் பாத்தீங்க."

அவர் பேனையை மூடினார். "ஒரு ஆள் சொல்லுறதை வைச்சு மக்களின்ர கருத்தை மாத்தேலாது. அப்பிடிச் செய்தால் பிறகு உங்களைக் கேட்டு என்ன பிரயோசனம்? அடுத்த கட்டத்துக்கு முன்னம் திரும்பவும் கூட்டம் வைப்பம். அப்ப சொல்லுங்கோ, கட்டாயம் செய்வம்."

"அது எப்பங்க?"

"மேலிடத்தில இருந்து அனுமதி வரவேணும்."

எப்படி இருக்கிறது பாருங்கள். வீடு என்னுடையது, மண் என் காலடியில் கரைகிறது. அதை நான் சொன்னால் ஒரு ஆளின் பேச்சாம். ஊர் வெட்கப்பட்டுக் கோயில் என்று சொன்னால் அது மக்கள் கருத்தாம். அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

ஆடி மாதத்தில் செல்வமலருக்குப் பெண்பிள்ளை பிறந்தது. டிக்கோயா ஆசுபத்திரியிலிருந்து கூட்டிவந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மழை விடவே இல்லை. மத்தியானச் சோற்றுக்கு நான் மலையிலிருந்து இறங்கி வந்தபோது, குசினிச் சுவர் முழுதாகத் தண்ணீருக்குள் கிடந்தது. அடுப்பு, விறகு, மாவுப் பேணி ஒன்றையும் காணோம். முன் காம்பரா மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது. செல்வமலர் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் நடுங்கினாள். சாயந்தரத்துக்குள் ஆறு காம்பராவும் போய்விடும் என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது.

எங்கே போவது? மேல் லயத்தில் ஒரு காம்பராவுக்குள் இரண்டு குடும்பம் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. பிள்ளைக்காம்பராக் கூரை சல்லடை. இஸ்கூலைப் பூட்டிவிட்டு வாத்தியார் ஐயா ஊருக்குப் போய்விட்டார். ஒழுகாத கூரை, விழாத மண் என்றால் கீழ்க்கணக்கில் ஒரே ஒரு இடம்தான். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

ஆண்டியப்பன் நனைந்துகொண்டு ஓடிவந்து வாசலில் குறுக்கே நின்றார். "தாயி, பச்சப் புள்ளத் தீட்டு. முப்பது நாளு கழியல. உள்ள விட்டா அம்மன் பொறுக்க மாட்டா."

"தலைவரே, ஊருச் சொத்துல இன்னிக்கு இது ஒன்னுதான் நிக்கிது. நீங்க கைய தூக்கி வாங்கின அணைக்குள்ளதான் நிக்கிது. தீட்டுன்னா எம் மேல வரட்டும். வழிய விடுங்க."

"பரம்பரையா ஒரு மொற இருக்கு அம்மாக்கண்ணு."

"அந்த மொறயாலதான் எங்க அடுப்பு தண்ணிக்குள்ள கெடக்கு."

அவர் ஒதுங்கினார் என்று சொல்லமுடியாது, நான் இடித்துக்கொண்டு போனேன். செல்வமலர் வாசலில் கும்பிட்டு அழுதாள். நான் அழவில்லை. அம்மனைப் பார்த்து, "நீயும் பிள்ளை பெத்த ஜாதிதானேடி, ஓரமா உக்காரு" என்று சொல்லிப் பாயை விரித்தேன். பொழுது சாய்வதற்குள் மற்ற ஐந்து குடும்பமும் சட்டி பானையோடு வந்து சேர்ந்தன. விளக்கு வைக்கிற நேரத்தில் கீழ் லயம் சரிந்த சத்தம் கேட்டது. எங்களில் யாரும் வெளியே போய்ப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கோயில் மண்டபத்தில்தான் குடித்தனம். அம்மனுக்குப் பயந்தும் ஆண்டியப்பன் முகத்துக்காகவும் பின்பக்கம் மறைப்புக்குப் படங்குத் துணி கட்டி ஒதுக்குப்புறமாகச் சமைத்தோம். புது லயம் கட்டித் தருகிறோம் என்று தொரை சொன்னார். சொன்னதோடு சரி.

தை பிறந்ததும் துரைராசா ஐயா இரண்டாவது கூட்டம் வைத்தார். இந்தத் தடவை கோயில் முன்னாலேயே. அதே படத்தைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். மண்டபத்தில் கொடி கட்டிப் பிள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தும் பார்க்காதவர்போல் நின்றார்.

"அடுத்த கட்டத்துக்கு அனுமதி கிடைச்சிட்டுது. முதல்ல எதைக் காப்பாத்துறது? சொல்லுங்கோ."

இந்தத் தடவை ஆண்டியப்பன் முந்திக்கொண்டார். "கீழ் லயமுங்க." லயம் போனாலும் ஆறு குடும்பத்துக்கும் அந்த இடமாவது கிடைக்கட்டும் என்று அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னார்கள். கேட்காமலே கைகளைத் தூக்கினார்கள்.

துரைராசா ஐயாவுக்கு முகமெல்லாம் சந்தோசம். "பாத்தியளே, இப்பிடித் தெளிவாச் சொன்னால்தான் எங்களுக்கும் சுகம்" என்று படத்தில் கீழ் லயத்தைச் சுற்றிச் சிவப்பால் வட்டம் போட்டார்.

"ஐயா, அந்த எடத்தக் கண்ணால பாத்துட்டு எழுதுங்க" என்றேன்.

கூட்டிக்கொண்டு போனேன். ஊரே பின்னால் வந்தது. முன்வாசல் படிக்கல் இரண்டு மட்டும் கரையில் இருந்தன. அதற்கப்பால் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு தகரத் துண்டு. அவர் தண்ணீரைப் பார்த்தார். படத்தை விரித்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார். பிறகு கூட வந்த பெடியனிடம் திரும்பினார்.

"அப்ப இதில காப்பாத்த ஒண்டும் இல்லையே. பட்டியல்ல இருந்து இதை வெட்டிவிடும். மிச்சக் காசை ரோட்டுப் பக்கம் போடலாம்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. சும்மா, கணக்கில் ஒரு வரி அடிப்பதுபோலச் சொன்னார். என் இடுப்பில் பேத்தி இருந்தாள். ஆறு குடும்பமும் அவருக்கு முன்னால்தான் நின்றது. அவர் கண்ணுக்கு நாங்கள் ஒருவரும் படவில்லை.

இனி என்ன கேட்க இருக்கிறது? கோயிலுக்குத் திரும்பிப் போய்ப் பின்பக்கத்து அடுப்புக் கல்லு மூன்றையும் தூக்கினேன். ஆண்டியப்பன் என்னைத் தடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து விறகை அள்ளிக்கொண்டு கூட வந்தார். கற்பூரம் கொளுத்துகிற இடத்தில், அம்மனுக்கு நேர் எதிரே, கல்லைக் கூட்டித் தீ மூட்டினேன். ஜீப்பில் ஏறப்போன துரைராசா ஐயா புகையைப் பார்த்து ஓடிவந்தார்.

"என்னம்மா இது? கோயிலுக்குள்ள அடுப்பா?"

"இது எங்க வீடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு உலையை ஏற்றினேன்.