ஒன்பதாம் அறையில் விழுந்த சிவப்புத் துண்டு

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டு மாசி மாதத்தில், சுவிஸ் மலைகளில் எங்கடின் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு விடுதியின் ஒன்பதாம் அறைப் பல்கணியில் மட்டும் பனிக்குப் பதிலாகத் துண்டுப்பிரசுரம் பெய்தது. எட்டாம் அறைக்கும் பத்தாம் அறைக்கும் வழக்கமான பனிதான். வெள்ளைத் தாளில் வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. விடுதிக்காரி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இதையும் கோப்பை கழுவுகிறவனே அள்ளட்டும் என்று சொல்லிப் போனாள். கோப்பை கழுவுகிறவன் உருத்திரமூர்த்தி. அவனுடைய அகதி விண்ணப்பம் தலைநகர் பேர்ணில் கிடந்தது, அவன் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரேயொரு தமிழனாக இங்கே கிடந்தான். கதைக்க ஆளில்லாமல் சில வேளை கோப்பைகளோடு கதைப்பான். கோப்பைகளாவது, பதில் சொல்வதாவது!

ஒன்பதாம் அறைக்காரர் பெல்லமி, எண்பதை நெருங்கிய ஆங்கிலேயர். அவருக்கும் ஆளில்லை. கடதாசி அள்ளப் போன இடத்தில் இருவருக்கும் ஆங்கிலத்தில் பேச்சுப் பிடித்துக்கொண்டது. முப்பத்தேழாம் ஆண்டில், இன்றைய பாகிஸ்தான் எல்லையிலுள்ள வசீரிஸ்தான் மலைப் பழங்குடிகளை அடக்கப் போன பிரிட்டிஷ் படையில் அவர் விமானி. முதலில் வெள்ளைத் துண்டு போடுவார்களாம், ஊரை விட்டுப் போகச் சொல்லி. பிறகு சிவப்பு. சிவப்பு விழுந்து ஒரு நாளில் குண்டு. எல்லாம் சட்டப்படிதான் என்றார். அந்த ஊரில் வாசிக்கத் தெரிந்தவர் எவருமில்லை என்பது தமக்குத் தெரிந்திருந்ததையும் அதே குரலில் சொன்னார். போன வைகாசியில் உருத்திரமூர்த்தியின் ஊரிலும் ராணுவ ஹெலியிலிருந்து துண்டு போட்டார்கள், கோயிலுக்குப் போகச் சொல்லி. பிறகு அந்தக் கோயிலிலும் ஷெல் விழுந்தது. இரண்டு நாள் அவன் பெல்லமியோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தனிமை தாங்காமல் மண்வாரியோடு போய்க் கதவைத் தட்டினான்.

மாசிக் கடைசியில் ஒரு காலை சிவப்பு விழுந்தது. நாளை பதினொரு மணிக்கு என்று பெல்லமி கையில் எடுக்காமலே சொன்னார். மறுநாள் முகம் வழித்து, கழுத்துப்பட்டி கட்டி, கதிரையில் அமர்ந்துவிட்டார். ஐம்பது வருடமாக இதற்குத்தான் காத்திருந்தாராம். உருத்திரமூர்த்தி கெஞ்சிப் பார்த்தான்.

"நீங்கள் போயிட்டியள் எண்டால் நான் ஆரோடை ஐயா கதைக்கிறது?"

அவர் அசையவில்லை. மணி பத்தரை. வீட்டை விட்டு ஓடுமுன் அவன் ஊரில் எவரும் மறக்காத வேலை ஒன்று உண்டு, கட்டியிருக்கிற மாட்டை அவிழ்த்துவிடுவது. கால் தானாக ஓடியது. விடுதியின் பின்தொழுவத்தில் நின்ற பதினொரு மாட்டையும் அவிழ்த்து விரட்டினான். இந்த நாட்டில் அது பொலிசு வரை போகிற காரியம், விண்ணப்பத்துக்கும் கூடாது என்பது அவிழ்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மாடுகள் மணி குலுங்கப் பனியில் சிதறின. சத்தம் கேட்டுப் பெல்லமி பல்கணிக்கு வந்தார். வசீரிஸ்தானில் அன்றைக்கு விமானத்திலிருந்து பார்த்தபோது அந்த ஊர் மாடுகள் கட்டியபடியே நின்றன. பார்த்துவிட்டுத்தான் குண்டைப் போட்டிருந்தார்.

"இந்த முறை யாரோ வாசித்திருக்கிறார்கள்," என்றார்.

பொல்லை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். சரியாகப் பதினொரு மணிக்கு ஒன்பதாம் அறை இல்லாமல் போயிற்று. எட்டாம் அறையில் தேநீர்கூடத் தளும்பவில்லை. விடுதிக்காரி திட்டியதெல்லாம் மாடுகளுக்காகத்தான். பொழுது சாயுமுன் அவை தாமாகவே திரும்பியதால் பொலிசுக்குச் சொல்லாமல் விட்டாள்.

அந்த விடுதியில் எட்டுக்கு அடுத்தது பத்து. ஏன் என்று எவரும் கேட்பதில்லை. பெல்லமி மேல்மாடியில், உருத்திரமூர்த்தியின் அறையில் சும்மா கிடந்த மற்றக் கட்டிலில் படுக்கிறார். பின்னேரம் தோறும் தொழுவத்துக்குப் போய், பதினொரு கயிற்றையும் ஒரே இழுவையில் அவிழ்கிற முடிச்சாக மாற்றிக் கட்டிவிட்டு வருகிறார்.